ஆறாவது ஆட்சேபணை

"எல்லா வீடும் கையெழுத்துப் போட்டாத்தான் உங்க தெருவை நாலு மாடித் திட்டத்துலேர்ந்து எடுப்பாங்க சார். இருபத்தஞ்சு வீட்டுக்கு இதுல இருபத்துநாலுதான் இருக்கு" என்று மனுவைத் திருப்பி நீட்டினாள் நகராட்சி அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண்.

கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். ஐந்து மணியோடு ஆட்சேபணை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம், இத்தனை காலம் ஒற்றைத் தள வீடுகளாக இருந்த அவருடைய தெருவில் யார் வேண்டுமானாலும் நாலு மாடி எழுப்பலாம்.

"பல் டாக்டர் வீடு ஒண்ணுதாம்மா பாக்கி. நாலு தடவை போனேன். நான் கேட்டைத் திறந்தாலே 'பேஷன்ட் இருக்காங்க'ன்னு உள்ள ஓடிடறார். கிளினிக் பஜார்ல இருக்கு, வீட்டுல ஏதும்மா பேஷன்ட்?"

"மாடி வந்தா அப்படி என்ன சார் கஷ்டம்?"

அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது. வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் போய்விடும், குழாயில் தண்ணீர் ஏறாது, சாக்கடை இப்போதே திணறுகிறது, வீட்டுக்கு நாலு கார் என்றால் தெருவில் நூறு கார் எங்கே நிற்கும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கிளைக்கணக்கு. வேறு வேலையாக வந்து பின்னால் நின்றிருந்த இரண்டு பேர், நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று கிளம்பிப் போனார்கள்.

"இதெல்லாம் பேப்பருக்காக எழுதினதும்மா. நிஜக் காரணத்தைச் சொல்றேன், உங்களோட இருக்கட்டும். அனுமதி வந்த மறுநாளே என் மாப்பிள்ளை எங்க வீட்டு மேல ஒரு மாடி கட்டப்போறார். 'எல்லாரும் ஒண்ணா இருக்கலாம் மாமா'ங்கறார். பொண்ணு வரட்டும், பேரன் வரட்டும், யார் வேண்டாங்கறா? கூடவே சம்பந்தியம்மாவும் வருவாங்களே!"

"வந்தா என்ன சார்?"

"அந்தம்மாவுக்கு வாய் மூடாதும்மா! நான் மனசுல நினைச்சதை அவங்க ஆரம்பிச்சுடறாங்க. நடுவுல என்னை ஒரு வார்த்தை பேச விடறதில்லை. எனக்கு வேண்டியது கொஞ்சம் நிம்மதி. அது தப்பா?"

"மாப்பிள்ளைகிட்ட முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? 'சட்டம் இடம் குடுக்கலை மாப்பிள்ளை'ன்னு சொல்லித்தான் இத்தனை நாள் ஓட்டிட்டு இருக்கேன். இப்ப அதுக்கும் வந்துடுச்சு ஆபத்து. அந்தம்மா வேற மூணு ஞாயிறா டேப்பும் கையுமா வந்து எங்க மாடிப்படியை அளக்கறாங்க. அப்புறம் தெருவுல வீடு வீடாப் போய்ப் பேசிட்டு வராங்க. இப்பவே அக்கம்பக்கத்துல பழக்கம் பிடிக்கறாங்களாம்!"

"தெருக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"தையல்காரர் என்னமோ ஆரம்பிச்சார். 'ஏற்கெனவே இதே மாதிரி...'ன்னு இழுத்தார். 'ஏற்கெனவே தண்ணிக் கஷ்டம், அதானே'ன்னு நானே முடிச்சு வெச்சேன். பாவம், அவருக்குக் கோர்வையாப் பேச வராது."

கடிகாரத்தைப் பார்த்தாள் அவள். ஐந்தாக ஆறு நிமிடம். இந்த மனிதரை எழுப்பி அனுப்ப வேறு வழி தெரியாமல் மேஜைமேல் இருந்த கோப்பைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சார், உங்க தெருவுக்கு இன்னொரு ஆட்சேபணை வந்திருக்கு. காலைல ஒரு அம்மா குடுத்துட்டுப் போயிருக்காங்க. பல் டாக்டர் இதுல போட்டிருக்கார். முதல் கையெழுத்தே அவரோடதுதான். இதுலயும் ஒரு வீடுதான் குறையுது. ஏழாம் நம்பர்."

"ஏழாம் நம்பர் நான்தாம்மா!" வாத்தியார் துள்ளி எழுந்தார். "குடுங்க, குடுங்க! தெய்வம் மாதிரி எடுத்துக் குடுத்தீங்க!"

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'என் மகன் தன் மாமனார் வீட்டின் மேல் மாடி கட்டி என்னையும் அங்கே குடிவைக்க இருக்கிறான். குடியேறப் போகிறவள் என்ற முறையில் என் ஆட்சேபணைகள். ஒன்று, மாடிப்படியின் அகலம் இரண்டேகால் அடிதான்...'

அவருக்கு உச்சி குளிர்ந்தது. சம்பந்தியம்மாவா! அந்தம்மாவுக்கும் இங்கே வர இஷ்டம் இல்லையா! தப்பித்தோம் சாமி என்று ஒரு பெருமூச்சு விட்டார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் தலையாட்டிக்கொண்டே படித்தார். ஆறாவதில் தலை ஆடுவது நின்றது.

'ஆறு: கீழ்வீட்டில் இருக்கும் என் சம்பந்தி வாய் ஓயாதவர். அவர் கண்ணில் பட்டால் ஒரு மணி நேரம் போச்சு என்பதைக் கீழே கையெழுத்திட்டுள்ள எல்லோரும் அனுபவத்தில் அறிவார்கள். மாடியில் குடியிருந்தால் எனக்குத் தப்பி ஓட வேறு வழியும் கிடையாது.'

கீழே, தெருவே திரண்டு வந்ததுபோல் இருபத்துநாலு கையெழுத்துகள்.

"அபாண்டம்மா இது! நானா வாய் ஓயாதவன்? இப்ப நான் சொல்றேன் கேளுங்க, முதலாவது..."

"மணி அஞ்சாக ஒரு நிமிஷம்தான் சார் இருக்கு."

வாத்தியார் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, 'மேலே கண்ட ஆறும் உண்மையே என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.