வீட்டோடு மாப்பிள்ளையின் வாழ்த்துரை

"அழிக்கவே முடியாதாம்மா?"

"முடியாது சார். லேசர் கண்ணாடிக்கு உள்ளேயே புள்ளி புள்ளியா சுட்டுடும். தண்ணியில போட்டாலும் போகாது, அடுப்புல போட்டாலும் போகாது. உங்க குரல் சாகாவரம் வாங்கிடுச்சு."

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. லேசர் இயக்கும் பெண் அதைத் தன் இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். குடும்பத்தில் எல்லார் குரலும் வருங்கால வாரிசுகளுக்கு இருக்கட்டும் என்று குரலைக் கண்ணாடியில் பதித்துத் தரும் இந்தக் கடையில் மாமியார் ஏற்பாடு செய்திருந்தார். அவர் வீட்டிலேயே குடியிருக்கும் மாப்பிள்ளையும் வந்தார். காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு, "அத்தை எனக்குப் பெத்த தாய் மாதிரி" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். பிறகு கடை வராந்தாவில் நின்று தம்பியோடு போனில் அரட்டை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தார், மைக் இன்னும் காலரிலேயே இருந்தது. வேண்டாததை அவர்களே வெட்டிவிடுவார்கள் என்று இரண்டு வாரம் இருந்தவர், நாளைக்கு விழா என்றதும் ஓடி வந்திருந்தார்.

"வேண்டாததை வெட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு வெட்டணும்? உள்ளங்கை அகலக் கண்ணாடியில ஏழு தலைமுறைப் பேச்சும் அடங்கும். இடம் சும்மா கிடக்கு. வர்றதை அப்படியே சுட்டுடுவோம்."

நாளைக்கு அத்தனை உறவுக்காரர்கள் முன்னாலும் அதைப் போடப்போகிறார்கள். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"கை தவறி உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடேம்மா."

"எங்க பேரு என்ன ஆகும்? வேணும்னா அந்த இடத்து மேலேயே மறுபடி சுடலாம். புள்ளி கலங்கிடும், பேச்சு கேட்காது, வெறும் இரைச்சல்தான் வரும். ஆனா என்ன பேசினீங்கன்னு சொல்லணுமே."

இடத்தைக் கண்டுபிடிக்க அது தேவையே இல்லை. கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கெழவி போய்ச் சேர்ந்தா முன்னறை நமக்குத்தான்னு... தம்பிகிட்ட... சும்மா ஒரு பேச்சுக்கு."

"ரொம்ப நல்லாருக்கு" என்றபடி அவள் கண்ணாடியைப் படிக்கும் கருவியில் செருகினாள். வாழ்த்துரை முடிந்தது. அப்புறம் வெறும் இரைச்சல். "இங்க ஏற்கனவே கலங்கியிருக்கே."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கண்ணாடியே கோளாறா இருக்கும். நல்லவேளை, அத்தை காதுல விழாம தப்பிச்சேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன வாரம் ஒரு அம்மா வந்து ஹெட்போன் மாட்டி முழுசும் கேட்டாங்க. இந்த இடத்தை மட்டும் சுடச் சொல்லிட்டு, 'நான் கேட்டேன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை கூனிக் குறுகிப் போயிடுவார், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த மாப்பிள்ளை நீங்கதானா சார்?"