புது டிஸ்க் பிரேக்

மனித நாகரிகத்தின் உச்சமே டிஸ்க் பிரேக்தான் என்று பேராசிரியர் எல்லோரிடமும் முழங்கினார். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் அணிவகுப்பில் அவர்தான் முதலில் போகவேண்டும். அதற்காக அறுபது வயதுக் காருக்கு அதை மாட்டி ஓட்டிவந்தார். தெருமுனையில் எவ்வளவு மிதித்தும் கார் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த மனைவி பதறிப்போய்க் காலைத் தரையில் அழுத்தினாள். கார் நின்றது.

மெக்கானிக் மூன்று முறை கழற்றி மாட்டினார்.

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. அம்மா பக்கம் பிரேக்கே இல்ல, வெறும் தகரம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்யா நிக்கமாட்டேங்குது?" என்று கத்தினார் பேராசிரியர்.

"முப்பது வருஷமா அங்கேயேதான் மிதிக்கிறேன்," என்றாள் மனைவி. "இப்பத்தான் பிடிக்குது."

ஞாயிறன்று மனைவியும் பக்கத்திலிருக்க, கார் மேடைமுன் அங்குலம் பிசகாமல் நின்றது. சிறந்த ஓட்டுநருக்கான கோப்பையைப் பேராசிரியர் வாங்கிக்கொண்டார். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது.