தட்டு காலியாகும் வரை

ஏழு மலை, ஏழு ஆறு தாண்டி ஒரு ஊராம். சுலபமாகச் சொன்னால், செக் நாட்டில் பிர்னோ ரயில் நிலையத்திலிருந்து டிராமில் நாலாவது நிறுத்தம். அங்கே ஒரு நிலவறையில், பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஹெட்விகாவின் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது.

திரையில் பந்தய விளையாட்டின் சிவப்புக் கார் வளைவில் பாதி திரும்பியது, அப்படியே நின்றுவிட்டது. விசைகளைத் தட்டினாள். மவுஸை உலுக்கினாள். ம்ஹூம்.

தட்டில் இன்னும் கொலாச் பன் மிச்சமிருந்தது. அதுதான் சிக்கல்.

அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முதலாக சால்டரிங் அயர்ன் பிடித்துப் பற்றவைத்தவர், தான் பழுது பார்த்த கம்ப்யூட்டரோடு ஒரு தட்டு நிறைய கொலாச்சும் சுட்டுக் கொண்டுவர வேண்டும். கார் பந்தயத்தை ஓடவிட்டு, எல்லாரும் ஆளுக்கொரு ஜாம் வைத்த பன்னாக எடுத்துத் தின்பார்கள். தட்டு காலியாகும் வரை பந்தயம் உறையாமல் ஓடினால், பழுது பார்க்கும் மேஜையில் அவருக்கு ஓர் இடம். உறைந்தால் அடுத்த வருஷம்.

ஹெட்விகா டிராம் ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டியவள். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த வேலை, கேபிள்களைச் சுருட்டி வைப்பது. அந்த மேஜைக்காகவே, உப்பிப்போன கெபாசிட்டர்களைப் பிடுங்கி, புதுசு வைத்து, பவர் சப்ளையைத் தன் கையாலேயே சரி செய்திருந்தாள்.

தலைவர் போஹுமிர் மீசையில் ஒட்டிய ஜாமைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அடுத்த வருஷம்தானா, ஹெட்விகா? பரவாயில்ல. கொலாச் மட்டும் இதே பக்குவத்துல இருக்கணும்."

அவள் முகம் சிவந்தது. "என் வேலையில குத்தமில்ல. கிராபிக்ஸ் கார்டுதான் சரியில்ல."

எல்லாக் கண்களும் ஓல்ட்ரிக்கின் மேல் திரும்பின. போன மாதம் அவளுடைய அருமையான சவுண்ட் கார்டை வாங்கிக்கொண்டு, பண்டமாற்றாக அந்தக் கார்டைக் கொடுத்தவன் அவன்தான்.

ஓல்ட்ரிக் எழுந்து வந்தான். கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்தான். விசிறியை விரலால் சுண்டிப் பார்த்தான். அழுத்திச் செருகி மறுபடி ஓடவிட்டான். கார்டின் வேகத்தைக் குறைத்துப் பார் என்றார் ஒருவர். கொலாச் சுட்ட அடுப்பிலேயே கார்டையும் ஒரு சூடு சுட்டிருக்கலாம் என்றார் இன்னொருவர். அப்படிச் சுட்டுப் பிழைக்கவைத்த கார்டுகள் அந்த அறையிலேயே இருந்தன.

கார் இரண்டு சுற்று ஓடியது. இந்தத் தடவை ஓல்ட்ரிக் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுபடி உறைந்தது.

"கார்டுதான்," என்றான் ஓல்ட்ரிக். "தப்பு என்னோடது. அக்கா வேலையில ஒரு குறையும் இல்ல."

அறையே அவனைக் கேலி செய்தது. இவனிடம் இனிமேல் பண்டமாற்று செய்கிறவன் தலையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தப்பு அவளுடையதில்லை, தட்டிலும் இன்னும் இருக்கிறது, இன்னொரு தடவை ஓடட்டும் என்றார் போஹுமிர். அவன் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து இன்னும் பழைய, விசிறிகூட இல்லாத சின்னக் கார்டு ஒன்றை எடுத்துப் பொருத்தினான்.

படம் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் கார் ஓடியது. போஹுமிர் கடைசி கொலாச்சை வேண்டுமென்றே அணு அணுவாகக் கடித்தார். கார் அப்போதும் ஓடியது. தட்டைக் கவிழ்த்துக் காட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள். மேஜையின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஹெட்விகாவை உட்கார வைத்தார்கள்.

மனம் நிறைந்துபோய், முணுமுணுவென்று பாடிக்கொண்டே அவள் தட்டைக் கழுவினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது எல்லாரும் போயிருந்தார்கள். மூலையில் ஓல்ட்ரிக் மட்டும் தன் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தான்.

அவன் திரையில் சிவப்புக் கார் வழவழவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மூடி திறந்த பெட்டிக்குள் அந்தக் கார்டு. கெட்டுப்போனது என்று அவன் கழற்றிய அதே கார்டு.

ஹெட்விகா பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. அது உறையவில்லை, அவளுக்குத்தான் உடம்பு கொதித்தது.

"ஏன் தம்பி, என் பெட்டியில செத்த கார்டு உன் பெட்டியில உயிர்த்தெழுந்திருச்சோ? என் சவுண்ட் கார்டும் உனக்கு, நல்ல கார்டும் உனக்கு. எனக்கு மட்டும் ஓட்டை உடைசல். அத்தனை பேர் முன்னாடி நல்லவன் மாதிரி பழியை வேற ஏத்துக்கிட்டியே."

ஓல்ட்ரிக் கம்ப்யூட்டரை அணைத்தான். கார்டைக் கழற்றி, ஒரு உறையில் போட்டு, அவளுடைய புது இடத்தில் வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டான்.

"உங்களுதுதான்க்கா. கார்டு நல்லா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதான். ஆனா இதை மாட்டுறதுக்கு முன்னாடி, ப்ளக்கைப் பிடுங்கி வெச்சுட்டு, உங்க பவர் சப்ளையைத் திறந்து பாருங்க. ஒரு கெபாசிட்டர் கால்ல சால்டர் சரியா பிடிக்கல. சூடானா விட்டுடுது. சின்னக் கார்டு கரண்ட் கம்மியா குடிக்கும், சமாளிச்சிரும். இதுக்கு அந்தக் கரண்ட் பத்தாது."

ஹெட்விகா உறையைக் கையில் எடுத்தாள்.

"அப்போ என் தப்புதானா? பின்பக்கம் கையை வெச்சுப் பார்த்தப்பவே தெரிஞ்சுதானே இருக்கும். அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றான் ஓல்ட்ரிக், படியில் கால் வைத்தபடி. "அப்புறம் அதைச் சரி பண்ண உங்களுக்கு மேஜை ஏது?"

மேலே ஏறிப் போய்விட்டான்.