இடது காது

வலது காது முடிந்தது. சத்தம் வந்தபோதெல்லாம் பொத்தானை அமுக்கினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இனி இடது.

கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மெஷினுக்கு முன்னால் ஒரு நர்ஸ். நர்ஸுக்குப் பின்னால் அப்பா. காலை ஆட்டிக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பைலட் பயிற்சியில் சேர இந்த மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். கண், இதயம், ரத்தம் எல்லாம் காலையிலேயே தேறியாயிற்று. மிச்சம் இந்தக் காதுதான்.

நர்ஸின் கை அசைந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு வழியும் தெரியும். சத்தத்தை அனுப்பும்போது மெஷினில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். மெஷின் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஆனால் நர்ஸின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தது. வலது காதின்போதே அதைக் கவனித்து வைத்திருந்தாள்.

மினுக்கியது. அமுக்கினாள்.

மறுபடி மினுக்கியது. அமுக்கினாள்.

இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்பா போனில் சிரித்தார். சத்தம் உள்ளே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கேப்டன், கேப்டன். வேறென்ன சொல்லிவிடப் போகிறார். அவள் பள்ளிக்கூடத்தை முடிப்பதற்குள்ளாகவே நாமக்கல்லில் அவருடைய எல்லா லாரிகளின் நெற்றியிலும் 'கேப்டன் சஷ்டிகா' என்று எழுதி மாலை போட்டவர். ஊரில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேப்டன் என்றுதான் கேலி.

பத்தாம் வகுப்பில் அறிவியல் மதிப்பெண் குறைந்துபோன நாளில்தான் இந்தக் காது போனது.

"இந்த மார்க்குக்கு எவன்டி உன்ன ஏரோப்ளேன் ஓட்ட உடுவான்?"

கேட்டுக்கொண்டே விட்டார் ஓர் அறை.

அம்மா பஞ்சு வைத்து அடைத்தாள். சீழ் வடிந்தது, நின்றது, மறுபடி வடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. போனால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள் அல்லவா. வீட்டிலும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரே ஒரு முறை, பயிற்சிப் பள்ளியைப் பார்க்கப் போன அன்று, சின்ன விமானம் ஒன்றில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார்கள். தரை கீழே போனபோது வாய்விட்டுச் சிரித்தாள். பிடித்திருந்தது. இந்த மனிதர் ஆசைப்பட்டது தனக்கும் பிடித்துத் தொலைத்ததே என்பதுதான் அவளுக்கு ஆத்திரம்.

மூக்குக்கண்ணாடியில் பச்சை மினுக்கியது.

விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.

அமுக்கினால் விமானம். அமுக்காவிட்டால் டாக்டர் கேட்பார். அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே கேட்பார்.

இத்தனை வருடத்தில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

மறுபடி மினுக்கியது. அவள் பொத்தானை மடியில் வைத்தாள். பிறகு நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த அறையில், அப்பாவும் பக்கத்தில் இருக்க, டாக்டர் காதுக்குள் விளக்கடித்து நன்றாகப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இடது காதுல ஜவ்வு ஓட்டையா இருக்கேம்மா. ரொம்பப் பழசு. என்ன ஆச்சு?"

"சின்னதுல சைக்கிள்ல இருந்து உழுந்துட்டாளுங்க," என்றார் அப்பா. வாய் கூசவில்லை அவருக்கு.

"விழலைங்க டாக்டர். இவுருதான் அறைஞ்சாரு."

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்.

"நீ பைலட்டாகோணும்னுதான சாமி அடிச்சேன். வேற எதுக்கு அடிச்சேன்?"

நியாயம் கேட்பவரைப்போல டாக்டரையும் ஒரு பார்வை பார்த்தார். இதுவரை வெறுத்தது போதாது என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆபரேஷன் பண்ணி ஜவ்வ ஒட்ட வைக்கலாம். நல்லா ஆறினப்பறம் திரும்ப டெஸ்டுக்கு வரலாம். பெரும்பாலும் தேறிடும்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டதாக நினைத்திருந்தாள்.

"பண்ணிடுங்க டாக்டர்!" அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இன்னைக்கே வேணும்னாலும் சேத்துக்கங்க. எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லுங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். சற்று முன் மகள் சொன்னது அவரைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்துபோனது.

டாக்டர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"நான் உன்னத்தாம்மா கேக்கறேன். உனக்குப் பைலட் ஆகணுமா?"

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. எப்போதோ வந்து அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப்போல.

"சொல்லு சாமி," என்று அப்பா அவள் தோளைத் தட்டினார்.

அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

"இவுர வெளிய போகச் சொல்லுங்க டாக்டர். அப்பறம் சொல்றேன்."