ஓசியில் மாலத்தீவு

“மாலத்தீவுல மொத்தம் எத்தன தீவும்மா இருக்கு?” என்று கேட்டபடி ரஃபியுதீன் சோபாவில் சாய்ந்ததுமே ஆசியா உம்மாள் உஷாரானாள். அவர் மனைவி தஹ்ஸீன், ஒரு பை ஆப்பிளையும் பெரிய ஸ்வீட் பாக்ஸையும் டீப்பாய் மேல் வைத்தாள்.

சிதம்பரத்திலிருந்து கிளம்பி, கடலூரில் முன்பின் தெரியாத வீட்டுக்கு டூர் விசாரிக்க வந்திருக்கிறார்களாம். விலாசம் கொடுத்து அனுப்பிய புண்ணியவான் ஆசியா உம்மாளின் தம்பி யாசர்.

மகன் அசாருதீன் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் மேனேஜர். கல்யாண வீடுகளில் ஆசியா உம்மாள் அவனுக்குத் தானே பதவி உயர்வு கொடுத்து, ரிசார்ட்டே அவனுடையதுதான் என்கிற அளவுக்கு அளப்பாள். அதன் பலனையும் போன வருஷம் அனுபவித்தாள். பண்ருட்டிச் சொந்தக்காரர்கள் ஒரே ஒரு பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டு, குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கி, அவன் சேர்த்து வைத்ததையெல்லாம் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள்.

பாவம், அவன் கல்யாணத்துக்கென்று சேர்த்தது அது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ‘வெளிநாட்டு மாப்பிள்ளை, சொல்றத எப்படி நம்புறது’ என்று வந்த இடமெல்லாம் தட்டிப் போகிறது. இந்த லீவிலாவது அவனுக்கு நிக்காஹ் முடிந்துவிட வேண்டும் என்பதுதான் ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுடைய துஆ.

ஒரு பலாப்பழத்துக்கே அந்தப் பாடு என்றால், ஆப்பிளுக்கும் ஸ்வீட்டுக்கும் என்ன கேட்பார்களோ?

“கடலு பாக்கணும்னா தேவனாம்பட்டினம் போங்களேன். சில்வர் பீச்சு. டவுன் பஸ்லயே போயிட்டு வந்துடலாம், சுண்டலும் கெடைக்கும்” என்றாள்.

ரஃபியுதீன் சிரித்தார். சிரிக்கட்டும் என்று ஆசியா உம்மாள் விடவில்லை.

“எப்பப் போறதா இருக்கீங்க?”

“பெருநாள் கழிச்சு” என்றார் ரஃபியுதீன். அதே நேரத்தில் “அடுத்த மாசம்” என்றாள் தஹ்ஸீன். பிறகு சுவரில் மாட்டியிருந்த அசாருதீனின் போட்டோவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “தம்பிக்கு அங்க தனி ரூமா?”

ஆஹா, தங்குவதற்கே அடி போடுகிறார்கள்!

“தனி ரூமா? ஒரே ரூம்ல ஆறு பேரு. கால நீட்ட எடம் கெடையாது.”

“மேனேஜருக்கேவா?” என்றார் ரஃபியுதீன்.

“மேனேஜரா! ரூம் பெருக்குற வேலைங்க. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அப்படிச் சொல்லி வெச்சிருக்கோம்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளம்பிவிடுவார்கள் என்று ஆசியா உம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அதனால என்னம்மா? ஹலாலா ஒழச்சுதான சாப்புடுறாரு” என்றார் ரஃபியுதீன். “நானும் தள்ளுவண்டியில துணி வித்துதான் இன்னிக்கு மேலவீதியில கடை வெச்சிருக்கேன்.”

“சம்பளமும் ஜாஸ்தி இல்லீங்க.”

“பரக்கத் இருந்தா போதும்மா” என்றாள் தஹ்ஸீன்.

ஓசி என்றால் எப்படியெல்லாம் ஒட்டிக்கொள்கிறார்கள்! ஆசியா உம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி கொணம் எப்படிங்க? நல்லாப் பழகுவாரா?” என்றாள் தஹ்ஸீன், மெதுவாக.

வகையாக மாட்டினார்கள்.

“கொணத்த ஏன் கேக்கறீங்க! மூக்கு மேல கோவம். சோறு கொழஞ்சா தட்டத் தூக்கி வீசுவான். பெத்தவ நானு, எனக்கே ஒழுங்கா போன் பண்ண மாட்டான். நீங்க போயி நின்னா மூஞ்சி குடுத்துப் பேசுவானா?”

அந்த நேரம் பார்த்து, மாத்திரை போட்டாயா என்று கேட்க அசாருதீனே வீடியோ காலில் வந்தான். தினமும் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஆசியா உம்மாள் கட் செய்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தஹ்ஸீனின் முகம் விழுந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு இருவரும் எழுந்தார்கள். வாசலில் அவள் ஆசியா உம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களுக்காக நானும் துஆ செய்யுறேம்மா” என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது.

டூர் போகவில்லை என்றால் இவ்வளவு அழுகையா?

கதவைச் சாத்தியதும் ஆசியா உம்மாள் ஸ்வீட் பாக்ஸைப் பிரித்தாள். முந்திரி கேக். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள்.

“ஏன்டா யாசர், ஓசி டூர் கிராக்கியெல்லாம் எதுக்குடா எங்கிட்ட அனுப்புற? புள்ள ரூம் பெருக்குறான், தட்ட வீசுவான்னு சொல்லி ஒரேயடியா வெரட்டி வுட்டுட்டேன். இனிமே இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்க மாட்டாங்க!”

இன்னொரு முந்திரி கேக்கை எடுத்தாள்.

“டேய், லைன்ல இருக்கியா?”

“சொல்லாம கொள்ளாம வந்து விசாரிக்கணும்னாங்க, அதான் நானும் வாயத் தொறக்கல…” யாசர் இழுத்தான். “அவுங்க மாப்ள பாக்க வந்தவங்கக்கா!”