திருட்டுப் பட்டம்

"எங்கடி ஓடுறே? என் சங்கிலியைக் கொடுத்துட்டுப் போ!"

இந்தோனேசியாவின் கூப்பாங் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருந்த வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கத்தியது போதகரம்மா ஒர்பா. ஒல்லியான ஒரு பெண்ணின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பெண் பெயர் மெல்சி. அவருடைய சபைப் பிள்ளைதான். மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

பக்கத்தில் நின்ற அவள் பெரியப்பா சக்கரியாஸ் பதறினார்.

"போதகரம்மா, நம்ம பிள்ளைங்கம்மா. கப்பல் கிளம்பப் போவுது. நான் புதுச் சங்கிலியே வாங்கித் தர்றேன், விட்டுடுங்க."

"எனக்கு உங்க சங்கிலி வேண்டாம். திருடியை விட மாட்டேன். போலீஸ்! யாராவது போலீஸைக் கூப்பிடுங்க!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்கம்மா."

"ஏன் மெதுவாப் பேசணும்? ஊரே கேக்கட்டும்!"

ஊரே கேட்டது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த மீன்காரி யுலியானா முன்னால் வந்தாள்.

"போன வாரம்தான் மன்னிப்பைப் பத்தி அவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணீங்க. உங்க சங்கிலின்னதும் மறந்துபோச்சாக்கும்?"

"பாவம், இல்லாத கொடுமைக்கு எடுத்திருக்கும். போய்ச் சம்பாதிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டுப் போவுது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"இனி இந்தம்மா இருக்கிற கோயில் வாசப்படி நான் மிதிக்க மாட்டேன், போங்க!" என்றாள் இன்னொருத்தி.

போதகர் பிடியை விடவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண் போலீஸ் ஒருவர் வந்தார்.

"ஏம்மா, எடுத்தியா?"

மெல்சி தலையைக் குனிந்தாள். "எடுத்தேன்."

சக்கரியாஸின் முகம் கறுத்தது. "சீ! மானத்தை வாங்கிட்டியேடி!" என்று காறித் துப்பிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

இருவரையும் காவல் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"சொல்லுங்கம்மா. சங்கிலி எப்படி இருக்கும்?"

போதகர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சங்கிலியே கிடையாதும்மா. நான் அதெல்லாம் போட்டதே இல்லை."

"என்னது?"

"காலையில யார்கிட்டயோ போன் வாங்கி இவளேதான் பேசினா. பதினாறு வயசை இருபத்திரெண்டுன்னு காட்டி ஏத்தப் போறாங்களாம். 'எல்லாரும் பார்க்க என்னைத் திருடின்னு சொல்லுங்கம்மா'ன்னு அழுதா. மலேசியாவுலேருந்து சவப்பெட்டியில திரும்பி வர்ற பிள்ளைங்களுக்கு ஜெபம் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சுட்டேன். உயிரோட ஒண்ணாவது நிக்கட்டும்னு, பொய்யைச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மெல்சியை இழுத்து அணைத்துக்கொண்டார். "மன்னிச்சிரு கண்ணு. உன் பேரை நாறடிச்சுட்டேனே!"

போலீஸ்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வயசு குறைச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே நிறுத்தியிருப்போமே! எதுக்கும்மா உனக்கு இந்தத் திருட்டுப் பட்டம்?"

மெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை நிறுத்தியிருப்பீங்க, மேடம். அடுத்த கப்பல்ல பெரியப்பா என் தங்கச்சியை ஏத்தியிருப்பார். திருடி வீட்டுப் பொண்ணுன்னா, இனிமே அவளை எவனும் வீட்டு வேலைக்குக் கேக்க மாட்டான்ல?"