ஆறாவது கிளாஸ்

பாஸ்கர் மாஸ்டர் தோள்பையைத் திறந்து, தன்னுடைய எவர்சில்வர் கப்பை எடுத்து மேசையில் வைத்தார். கொரோனா போய் இத்தனை வருடமான பிறகும் மனுசன் சொந்தக் கப்போடுதான் திரிகிறார். புலம்பெயர்ந்து பெண்டில் ஹில்லில் குடியிருக்கும் தமிழர்களுக்குள் அவருக்குச் 'சுத்தக்காரர்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

வீட்டுக்காரி சிவாஜினி அந்தக் கப்பிலேயே தேத்தண்ணியை ஊற்றினாள்.

மாஸ்டர் பரமட்டாவில் சரித்திரம் படிப்பிக்கிறவர். ஒரு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்து, அவள் மகள் லக்சிகாவுக்குச் சும்மாவே சொல்லிக் கொடுக்கிறார். ஊரில் எவடம், எந்தக் கோயிலடி, தகப்பன் பெயர் என்ன என்று முதல் நாளே சிவாஜினியின் கணவர் இளங்கீரன் விசாரித்து முடித்துவிட்டார். நேரே கேட்காமலே ஆள் யாரென்று அறிவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

திங்கட்கிழமை லக்சிகா வகுப்பில் பேச வேண்டும். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கா, அதன் மதுவிலக்கு, நிறவெறி. சட்டம் படிக்க வேண்டும் என்ற அவள் ஆசை இந்த மார்க்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடைசியிலை, எங்களைச் சுத்தி நடக்கிற ஒரு எக்ஸாம்பிள் சொல்ல வேணுமாம், சேர். உண்மையா நடந்ததா இருக்க வேணும். எனக்கு ஒண்டும் வருகுதில்லை."

"முதல்லை எழுதினதை வாசி, பாப்பம்."

வாசித்தாள். சாராயம் விற்கக்கூடாது என்று எல்லாருக்கும் ஒரே சட்டம். வசதியான வெள்ளைக்காரன் வீட்டுக்குள் இருந்து குடித்தால் பொலிஸ் கண்ணை மூடிக்கொண்டது, கறுப்பினத்தவன் ஒரு போத்தலோடு பிடிபட்டால் மறியலில் போட்டு அடைத்தது. தெற்கில் தண்ணீர் குடிக்கவும் வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பினத்தவருக்கு வேறு குழாய்.

"தண்ணிக்குமா? மனுசரே அவங்கள்?" இளங்கீரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, இந்த இடத்தை நல்லா அழுத்திச் சொல்லு."

கோபம் உண்மையானதுதான். தன் பெயரின் நீளத்தைக் கண்டே வேலை தராதவர்களை அவர் இன்றைக்கும் திட்டுவார்.

"எக்ஸாம்பிள், அப்பா?"

"அதெல்லாம் அமெரிக்காவிலை. எங்கடை சனத்துக்கை எங்கை கிடக்கு?" என்றவர் சிரித்தார். "வேணுமெண்டா மாஸ்டரை எழுது. ஒரு வருசமா எங்கடை கிளாஸிலை வாய் வைக்கிறாரில்லை. எங்களையெல்லோ தள்ளி வச்சிருக்கிறார்."

மாஸ்டரும் சேர்ந்து சிரித்தார். சிவாஜினி மட்டும் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

லக்சிகா எழும்பிப் போய்க் கண்ணாடி அலுமாரியைத் திறந்தாள். தங்க விளிம்பு போட்ட ஐந்து கிளாஸ்கள். ஒன்றை எடுத்துவந்து மாஸ்டரின் முன்னால் வைத்தாள்.

"இண்டைக்கு இதிலை குடியுங்கோ, சேர். அம்மா சிங்கப்பூரிலை ஆசையா வாங்கின செட். ஆறிலை ஒண்டு, நீங்கள் முதல் வந்த அண்டைக்குக் குடிச்சது, கழுவேக்கை உடைஞ்சு போச்சாம்."

மாஸ்டர் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார். "வேண்டாம் பிள்ளை. இன்னொண்டும் குறைஞ்சு போகும்."

லக்சிகாவின் முகம் வாடிவிட்டது. "அப்பா சொன்னது உண்மையோ? எங்கடை கிளாஸ் உங்களுக்கு அருவருப்போ, சேர்?"

ஒரு வருடமாக விழுங்கி வைத்திருந்தவர், இன்றைக்கும் விழுங்கித்தான் பார்த்தார். இந்தப் பிள்ளைக்காகத்தான் இந்த வீட்டுப் படி ஏறுகிறார். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அண்டைக்கு நான் குடையை மறந்து விட்டிட்டுப் போனனான். எடுக்கத் திரும்பி வரேக்கை, வாசலிலை உங்கடை சிவப்பு மூடிக் குப்பைவாளி திறந்து கிடந்தது."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இளங்கீரன் அவசரமாகக் கதிரையை விட்டு எழும்பினார்.

"மாஸ்டர், தேத்தண்ணி ஆறுது..."

மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுது, பிள்ளை. அந்தக் கிளாஸ் அதுக்குள்ளை உடையாமல் முழுசாக் கிடந்தது."